தைராய்டு குறைவும் உடல் எடையும்: தட்டின் வேலை எது, மாத்திரையின் வேலை எது?

"எனக்குத் தைராய்டு இருக்கு, அதான் வெயிட் போடுது." இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல மூச்சுக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. எடை 15 முதல் 20 கிராம்தான். அது தேவையைவிடக் குறைவாகச் சுரந்தால் ஹைப்போதைராய்டிசம், அதாவது தைராய்டு குறைவு. அதிகமாகச் சுரந்தால் ஹைப்பர்தைராய்டிசம். இங்கே பேசப்போவது முதல் வகையைப் பற்றி மட்டும்.

பெயரிலேயே குழப்பம் இருப்பதால் ஆலோசனைகளிலும் குழப்பம். முட்டைக்கோஸைத் தொடாதே, கோதுமையை நிறுத்து, அயோடின் சொட்டு மருந்து குடி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதையெல்லாம் வருடக்கணக்கில் கடைப்பிடிப்பவரே தினமும் காலையில் தைராய்டு மாத்திரையைப் பால் காபியோடு விழுங்கிக்கொண்டிருப்பார். உணவும் தைராய்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் காய்கறிக் கூடை அல்ல, மாத்திரை போடும் அந்த ஒரு மணி நேரம். ஏன் என்பதற்கு அடிப்படையிலிருந்து வருவோம்.

விளக்கும் திரியும்

எண்ணெய் விளக்கில் திரியைத் தூண்டிவிட்டால் சுடர் பெரிதாகும், எண்ணெய் சீக்கிரம் தீரும். திரியை உள்ளே இழுத்தால் சுடர் சுருங்கும், அதே எண்ணெய் நெடுநேரம் நிற்கும். உடம்பின் செல்களிலும் இப்படி ஒரு சுடர் எரிகிறது. சாப்பாடு எண்ணெய். திரியைத் தூண்டும் விரல், தைராய்டு ஹார்மோன். ஹார்மோன் என்பது ஒரு சுரப்பியில் உருவாகி, இரத்தம் வழியே போய், மற்ற உறுப்புகளுக்கு வேலை சொல்லும் வேதிப்பொருள்.

சும்மா படுத்துக்கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்புச் சூட்டைக் காக்க ஆற்றல் செலவாகிக்கொண்டேயிருக்கும். இதற்கு அடிப்படை வளர்சிதைமாற்றம் என்று பெயர். ஒரு நாளின் மொத்தச் செலவில் பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 70 சதவீதம் இதுதான். தைராய்டு குறைந்தால் அடிவாங்குவது இந்தப் பங்கு. 1895-ல் ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் மாக்னஸ்-லெவி, நோயாளிகள் மூச்சில் செலவிடும் ஆக்சிஜனை அளந்தே இதைக் கண்டறிந்தார். தைராய்டு குறைந்தவர்களிடம் செலவு குறைவாக இருந்தது, சுரப்பியின் சாரம் கொடுத்ததும் ஏறியது. குளிர் தாங்காமை, அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்வு, மந்தமான நாடி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் தொல்லைகள் சேர்ந்து வருவதும் எல்லா இடத்திலும் சுடர் சுருங்குவதால்தான்.

சுரப்பி பெருமளவில் வெளியிடுவது டி4 எனப்படும் தைராக்சின். இது பெரிய நோட்டு மாதிரி. கையில் இருக்கும், நேராகச் செலவு செய்ய முடியாது. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதிலுள்ள நான்கு அயோடின் அணுக்களில் ஒன்றைக் கழற்றி டி3 என்ற சில்லறையாக்குகின்றன. செல்கள் செலவழிப்பது அந்தச் சில்லறையைத்தான்.

உலக அளவில் பார்த்தால் அயோடின் பற்றாக்குறை ஒரு பெரிய காரணம். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் முக்கியக் காரணம் ஹஷிமோட்டோ நோய். உடலின் நோய் எதிர்ப்புப் படையே தன் தைராய்டைத் தாக்குவது இது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சுரப்பியை அறுவை செய்து எடுத்தவர்களுக்கும் இதே குறைவு வரும்.

கதவைத் தட்டும் சத்தம்

பரிசோதனைச் சீட்டில் "டி.எஸ்.எச். 12" என்று பார்த்ததும், "தைராய்டு அதிகமாயிடுச்சு" என்பார்கள். நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை எழுப்ப அனுப்பும் ஹார்மோன். கதவைத் தட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் உடனே திறந்தால் மெல்லத் தட்டினால் போதும். திறக்காவிட்டால் தட்டுகிற சத்தம் கூடும். டி.எஸ்.எச். உயர்ந்திருக்கிறது என்றால், தைராய்டு எழுந்து வரவில்லை என்று பொருள். பெரியவர்களுக்கு இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும், வயது ஏற ஏற மேல் எல்லையும் கொஞ்சம் உயரும்.

டி.எஸ்.எச். லேசாக ஏறி, டி4 மட்டும் இயல்பாக இருந்தால் அது ஆரம்பநிலைக் குறைவு. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உடல் பருமனே டி.எஸ்.எச். அளவைச் சற்று உயர்த்தும், எடை குறைந்தால் அதுவும் இறங்கும். ஆகவே பருமனானவரின் சீட்டில் 5 அல்லது 6 என்று இருந்தால் தைராய்டால்தான் எடை ஏறியது என்று உடனே முடிவுகட்ட முடியாது. எடையால் அந்த எண் ஏறியிருக்கவும் கூடும்.

இதுவரை பார்த்தது: தைராய்டு ஹார்மோன் உடம்பின் சுடரைத் தூண்டுகிறது. அது குறைந்தால் செலவு குறைகிறது, டி.எஸ்.எச். கூடுகிறது.

ஏறிய எடையில் தைராய்டின் பங்கு

தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை, குறைவின் தீவிரத்தைப் பொறுத்து, பொதுவாக 2 முதல் 4.5 கிலோ வரைதான் என்கிறது அமெரிக்க தைராய்டு சங்கம். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, உப்பும் நீரும். ஹார்மோன் குறையும்போது தோலுக்கடியில் ஹையலுரானிக் அமிலம் போன்ற பொருட்கள் சேர்கின்றன. பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்பவை இவை. காலையில் முகம் உப்பலாக, இமைகள் கனத்து, மோதிரம் விரலில் இறுகுவது இதனால்தான். விரலால் அழுத்தினாலும் குழி விழாத வீக்கம் இது.

கொழுப்பின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஓய்வுநிலைச் செலவு 1,400 கலோரி என்றும், தைராய்டு குறைவால் அது பத்து சதவீதம் இறங்கியது என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 140 கலோரி மிச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. சாப்பாடு துளியும் மாறாவிட்டால் மாதத்துக்கு அரை கிலோவைச் சற்று ஒட்டி ஏறும். அதுவும் ஏறிக்கொண்டே போகாது. உடம்பு பெரிதாகும்போது அதன் செலவும் கூடும், தைராய்டு குறைந்தவர்களுக்குப் பசியும் பெரும்பாலும் மந்தமாக இருக்கும்.

20 கிலோ ஏறியிருந்தால் முழுப் பழியையும் இந்தச் சுரப்பியின் மேல் போட முடியாது என்பது கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் இதில் ஆறுதலும் இருக்கிறது. மீதி எடை, மற்ற எவருக்கும் குறைவதைப் போலவே உங்களுக்கும் குறையும். மாத்திரை சரியான அளவில் போனால் உங்கள் சுடரும் மற்றவர்களுடையதைப் போலத்தான் எரியும்.

மாத்திரை வயிற்றுக்குள் போன பிறகு

தைராய்டு குறைவுக்குத் தரும் லீவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது சுரப்பி தர வேண்டிய அதே டி4. 100 மைக்ரோகிராம் மாத்திரை என்றால், மருந்தின் அளவு ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கையில் தெரியும் வெள்ளை வட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே நிரப்புப்பொருள். இவ்வளவு துளி மருந்து என்பதால்தான் வயிற்றில் வேறு எதனோடாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் இரத்தத்தில் வித்தியாசம் தெரிகிறது. வெறும் வயிற்றில் போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் உள்ளே சேரும். மாத்திரை முதலில் இரைப்பையின் அமிலத்தில் கரைய வேண்டும், பிறகு சிறுகுடலில் உறிஞ்சப்பட வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் தடை வரலாம்.

பாலிலும் கால்சியம் மாத்திரையிலும் உள்ள கால்சியம் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உறிஞ்ச விடாது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. காபி, பால் கலக்காத காபியும்கூட, உறிஞ்சலைக் குறைக்கும். சோயா உணவுகளும், மலச்சிக்கலுக்கு எடுக்கும் நார்ச்சத்துப் பொடியும் குறுக்கே நிற்கும். ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் கரையும் கட்டத்திலேயே கெடுக்கும். தைராய்டு குறைந்தவர்களுக்கு மலச்சிக்கலும் இரத்தசோகையும் கூடவே வருவதால், மருந்துக்கு எதிரான பொருட்கள் அவர்கள் வீட்டு மருந்துப்பெட்டியிலேயே இருக்கும். அதுதான் சிக்கல்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்கு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. 7 மணிக்குக் காபியும் காலை உணவும். குறைந்தபட்ச இடைவெளி அரை மணி, ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டை ஒட்டி. காலையில் இது முடியவே முடியாது என்பவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரவு படுக்கும்போது போடலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எந்த நேரமானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் காபியோடு என்று மாறிக்கொண்டிருந்தால் மருத்துவர் அளவைச் சரிசெய்யவே முடியாது.

டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஒரு நாள் மறந்தால் குடிமுழுகிப் போகாது, அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அளவை மாற்றினால் பலன் நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிப்பதும் இதனால்தான். டி.எஸ்.எச். பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கச் சொல்வார்கள். இரண்டாவது வாரத்தில் எடுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று கவலைப்படுவது வீண். மாத்திரையின் பிராண்டை மாற்றினாலும் அதே இடைவெளியில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னதாக அதை நிறுத்த வேண்டும். உடம்பில் ஒன்றும் மாறாமலே ஆய்வகத்தின் எண்ணை அது புரட்டிப்போடும்.

"சாப்பிடக் கூடாது" பட்டியல்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி ஆகியவற்றில், தைராய்டு அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருட்களாக மாறக்கூடியவை உண்டு. இவற்றுக்குக் காய்ட்ரோஜன் என்று பெயர். முட்டைக்கோஸையே முக்கியத் தீனியாகக் கொடுத்த முயல்களுக்குக் கழுத்துக்கழலை வந்ததை 1928-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். பயம் தொடங்கியது அங்கேதான். மனிதர்களில் 2010-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை உண்டு. 88 வயதுப் பெண் ஒருவர் முட்டைக்கோஸ் வகைக் கீரையைப் பச்சையாகத் தினமும் 1 முதல் 1.5 கிலோ வரை பல மாதம் சாப்பிட்டு, கடுமையான தைராய்டு குறைவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒரு கிலோவுக்கு மேல், பச்சையாக, மாதக்கணக்கில். வேகவைத்த ஒரு கிண்ணம் காய்க்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வேகும்போது அந்தப் பொருட்களை உருவாக்கும் நொதியும் பெரும்பாலும் செயலிழந்துவிடும். முழு அளவு மாத்திரையில் இருப்பவரின் ஹார்மோன் மாத்திரையிலிருந்து வருகிறது, சுரப்பியைத் தடுக்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை. எடை குறைக்க நினைப்பவருக்கு வயிறு நிறைக்கும் இந்தக் காய்களைப் பறிப்பது பெரிய நஷ்டம்.

அயோடின் விஷயத்தில் எச்சரிக்கை உண்மையிலேயே வேண்டும், ஆனால் எதிர்த் திசையில். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் சேர்த்த உப்பை வழக்கமான அளவில் பயன்படுத்தினாலே பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்துவிடும். ஹஷிமோட்டோ உள்ளவர் அதற்கு மேல் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று போனால் பலவீனமான சுரப்பி இன்னும் முடங்கலாம்.

செலினியம், டி4-ஐ டி3 ஆக்கும் நொதிக்குத் தேவை. தேவை 55 மைக்ரோகிராம்தான், மேல் எல்லை 400. அதை மாத்திரையாக எடுப்பதால் சிலருக்குத் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பணுக்களின் அளவு குறைகிறது, ஆனால் எடை குறைவதற்கு ஆதாரமில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை, அது சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும். அந்த நோய் ஹஷிமோட்டோ உள்ளவர்களிடம் சற்று அதிகம் என்பதால் சந்தேகம் இருந்தால் பரிசோதிக்கலாம். ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே பரிசோதிக்க வேண்டும், நிறுத்திவிட்டால் பரிசோதனை நோயைத் தவறவிடும்.

சுருக்கமாக: காய்களை ஒதுக்க வேண்டாம், அயோடினைக் கூட்ட வேண்டாம், மாத்திரையின் நேரத்தைக் காப்பாற்றினால் போதும்.

எடையைக் குறைக்கும் வேலை

முதலில் டி.எஸ்.எச். கட்டுக்குள் வரட்டும். தேங்கிய நீர் வடிந்து ஓரிரு கிலோ தானாகவே இறங்கும். அதற்குப் பிறகுதான் கொழுப்பின் முறை.

செலவைவிட நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் கணக்குப்படி மாதத்துக்கு 1.2 முதல் 2 கிலோ. இதைவிட வேகமாகப் போக ஆசை வரும். நாளுக்கு 800 கலோரி, நாள்கணக்கில் பட்டினி என்று இறங்கினால் உடம்பு பஞ்ச காலம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு டி4-ஐ டி3 ஆக்காமல், செயல்படாத இன்னொரு வடிவத்துக்குத் திருப்பிவிடும். சில்லறை குறைந்தால் சுடரும் குறையும். ஏற்கெனவே அசதியில் இருப்பவருக்கு இது இரட்டை அடி, கூடவே தசையும் கரையும்.

தசையைக் காக்கப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 முதல் 84 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், வேகவைத்த 100 கிராம் பருப்பில் சுமார் 9 கிராம் இருக்கும். பெரும்பாலானவர்கள் மொத்தப் புரதத்தையும் ஒரே வேளையில் சாப்பிட்டுவிட்டு மற்ற இரண்டு வேளைகளையும் மாவுச்சத்தால் நிரப்புகிறார்கள். மூன்றாகப் பிரித்தால் பசி அடங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்று வைத்தால் அளக்காமலே கணக்கு வந்துவிடும். எண்ணெயை மட்டும் அளந்தே ஊற்றுங்கள். 15 மில்லிக்கு 120 கலோரிக்கு மேல் இருக்கிறது. கண்ணளவில் ஊற்றும்போது அது இரண்டு மடங்காவது சகஜம்.

நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம். திடீரென்று கூட்டாமல், தண்ணீரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும். உடற்பயிற்சியில் வாரத்துக்கு 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இலக்கு. மூட்டுவலியும் அசதியும் இருக்கும் ஆரம்ப வாரங்களில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். காலையில், கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் எல்லாம் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். நான்கு வாரம் அசையாவிட்டால்தான் உணவை மாற்ற வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறங்கக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் போய்விடுங்கள், மாத்திரை அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும்.

டி.எஸ்.எச். சரி, எடை மட்டும் அசையவில்லை

இந்த இடத்தில்தான் பலர் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தேவைக்கு மேல் போகும் தைராக்சின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பைத் தேய்க்கும், குறைகிற எடையிலும் தசை போகும். எடை குறைப்புக்காக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்தோடு வரும் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்க வைத்திருக்கிறது.

பார்க்க வேண்டியவை வேறு. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருக்கலாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையை ஏற்றும். சினைப்பை நீர்க்கட்டியும் மாதவிடாய் நிற்கும் பருவமும் காரணமாகலாம். அசதி நீங்கவில்லை என்றால் இரும்பு, பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்லலாம்.

எடை குறைந்த பிறகு

சுரப்பி முழுதும் செயலிழந்தவருக்குத் தைராக்சின் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடப்படுகிறது. 90 கிலோவாக இருந்தபோது 144-ஐ ஒட்டி வந்த தேவை, 75 கிலோவுக்கு இறங்கியதும் கணக்குப்படி 120. நிஜத்தில் இவ்வளவு நேராக இறங்காது, ஏனென்றால் மருந்துத் தேவை கொழுப்பைவிடத் தசையின் அளவையே ஒட்டிப்போகும். ஆனாலும் பழைய அளவு புதிய உடம்புக்கு மிகையாகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத வியர்வை ஆகியவை அதன் அடையாளம். எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கியதும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டி.எஸ்.எச். ஒரு முறை பார்த்து அளவை மருத்துவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள்.